நாலாவது காலின் போல்ட்

ஒன்பது நாளில் இது நாலாவது போல்ட். குழந்தைராஜ் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, முறிந்த துண்டைச் சேறு போக வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் வழவழவென்று மினுங்கியது. மீதி மட்டும் உடைத்த கற்கண்டு மாதிரி சொரசொரவென்று இருந்தது. அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதி வரைக்கும் ஹாக்ஸா பிளேடு போட்டு அறுத்திருக்கிறான். மீதி எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் தானாக முறியட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

யார் என்றும் அவருக்குத் தெரியும்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் சம்பா போட்டிருந்தார். கார்த்திகை மழை பிடித்தால் அந்தப் பக்கம் தண்ணீர் தானாக வடியாது. ஆயில் எஞ்சின் வைத்து இறைத்து வடிகாலில் தள்ளினால்தான் பயிர் தலையை வெளியே நீட்டும். வடிகாலுக்கு அந்தக் கரையில் வீரையனின் வயல். இவர் எஞ்சினை ஓட்டினால் அவன் வரப்பு சரியும். போன வாரம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவன் கத்தினான்: "ஒம் பயிரக் காப்பாத்த எம் பயிர அழிப்பியா? அந்த எஞ்சினு எத்தன நாளைக்கு ஓடுதுன்னு நானும் பாக்குறேன்!"

சொன்ன மறுநாளே முதல் போல்ட் போனது. வேறென்ன சாட்சி வேண்டும்?

குழந்தைராஜ் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. நெல் போடப் போனால் தராசுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். பூசையில் காணிக்கைத் தட்டு எடுத்து வருகிறவனின் கையைக்கூடக் கண்ணால் தொடர்ந்துகொண்டிருப்பார். போன தை மாதம் பக்கத்து ஊரில் மூன்று எஞ்சின் களவு போனதும், தன் எஞ்சினைப் பனம்பலகை மேலிருந்து எடுத்துவிட்டார். சிமெண்டுத் தளம் போட்டு, நாலு கால் வைத்த ஆங்கிள் சட்டம் ஒன்றைப் புதைத்து, அதன் மேல் எஞ்சினை ஏற்றி, போல்ட்டை முறுக்கி, அடியிலிருந்த நட்டையெல்லாம் வெல்டிங் வைக்கச் சொன்னார். மூன்று காலுக்கு வைத்தாயிற்று. நாலாவதற்கு வைக்கும்போது கரண்ட் போய்விட்டது. "இது போதும்" என்று அனுப்பிவிட்டார். சட்டத்தில் ஏறிய எஞ்சின் முதல் தடவையாக ஓடியது இந்த மழைக்குத்தான். இப்போது அந்த நாலாவது காலின் போல்ட்தான் முறிந்து முறிந்து விழுகிறது. கழற்ற முடிகிற ஒரே இடம் அதுதான் என்பது தெரிந்தவன்தான் செய்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகத் தங்கமணியின் டீக்கடைக்குப் போனார். மஞ்சள் பையைக் கவிழ்த்து எட்டுத் துண்டுகளையும் மேசை மேல் கொட்டினார். வீரையன் பெஞ்சின் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒரு துண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன. போல்ட்டு. பழைய இரும்புக்காரன்ட்ட போட்டா ஒரு டீ வரும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. அறுத்தவனும் சிரிக்கிறான், கூட இருக்குறவனும் சிரிக்கிறான்."

வீரையன் கிளாசைக் கீழே வைத்தான். "யாரு அறுத்தா?"

"எஞ்சினு எத்தன நாளைக்கு ஓடும்னு பாக்குறேன்னு எவன் சொன்னானோ அவன்."

"ஆமா, சொன்னேன். கோவத்துல சொன்னேன். எம் வரப்பு சரிஞ்சா ஒன்னயக் கொஞ்சுவாங்களா? ஆனா ஆளில்லாத நேரத்துல வந்து போல்ட்ட அறுக்குறவனாடா நானு? எனக்கு வேணும்னா ஒன் கண்ணு முன்னாடியே கடப்பாரயப் போட்டு எஞ்சினையே வடிகால்ல உருட்டி விட்டுருப்பேன். நீயும் கரையில நின்னு வேடிக்க பாத்திருப்ப."

"பேச்செல்லாம் வேணாம். அந்தோணியார் கெபியில வந்து சத்தியம் பண்ணு."

பாலை ஆற்றிக்கொண்டிருந்த தங்கமணியின் கை பாதியில் நின்றது.

அந்த ஊரில் சத்தியம் என்பது வாயால் சொல்லிவிட்டுப் போகிற காரியம் இல்லை. செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் போட எல்லாச் சாதிக்காரர்களும் அவர் சிலை இருக்கிற கெபிக் குகைக்கு வருகிற நேரத்தில், மெழுகுவத்தி ஏற்றி, "நான் செய்யல" என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் வழக்கு தீர்ந்தது. அதோடு இரண்டு வீடும் தீர்ந்தது. சத்தியம் கேட்டவனும் சத்தியம் செய்தவனும் அதற்குப் பிறகு பேசக்கூடாது, ஒருவன் வாசலை மற்றவன் மிதிக்கக்கூடாது. சாவுக்கும் போகக்கூடாது. சாமியார் இதெல்லாம் வேதத்தில் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். ஊர் கேட்கவில்லை.

வீரையன் எழுந்தான். அவனுக்கு அறுபத்தெட்டு, இவருக்கு எழுபது. "செவ்வாக்கெழமதானே? வரேன். மெழுகுவத்திய நீயே வாங்கிட்டு வா" என்றான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. சவரியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? கஜா புயலு அடிச்சப்ப நம்ம ஊட்டு ஓடு பறந்துபோயி நாலு நாளு யாரு வாசல்ல கெடந்தோம்? யாரு ஊட்டுச் சோறத் தின்னோம்?"

"சோறு போட்டா எஞ்சின அறுக்கலாம்னு இருக்கா?"

"அறுத்தத நீங்க பாத்தீங்களா?"

"போல்ட்டுல இருக்குடி. பாதி மினுங்குது."

"மினுங்குச்சாம்! நாளைக்கு நீங்க மண்டையப் போட்டா அந்த மனுசன் ஒரு கை மண்ணு அள்ளிப் போட வரமுடியாது. அவரு போனா நான் எட்டி நின்னுகூட அழமுடியாது. ஒரு போல்ட்டுக்காக."

"நாலு போல்ட்டு" என்றார் குழந்தைராஜ். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காததற்கு மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று காரணம் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கீழ்வேளூர் போனார். கடைக்காரன் எடுத்துக் கொடுத்த போல்ட்டை வாங்கவில்லை. டப்பாவையே கொண்டுவரச் சொல்லி, பத்துப் பன்னிரண்டை எடுத்து மரையை விரலால் தடவி, கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒன்றைப் பொறுக்கினார். பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார். வயலுக்கு வந்து தன் கையாலேயே மாட்டினார். ஸ்பேனர் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி, இனி ஒரு நூல்கூடத் திரும்பாது என்கிற வரைக்கும் முறுக்கினார். பத்து மணிக்கு எஞ்சினை ஓட்டிவிட்டு, பக்கத்திலேயே யூரியாச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு ஒருத்தன் கிட்டே வரட்டும். பிடித்துக் கையும் களவுமாக ஊர் முன்னால் நிறுத்தினால், நாளைக்குக் கெபியில் வேறு பேச்சே இருக்காது.

யாரும் வரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடியது. பனம்பலகை மேல் இருந்தவரை அது குதிக்கும், ஆனால் மொத்தமாக, தவளை மாதிரி குதிக்கும். சட்டத்தில் ஏற்றிய பிறகு குதிப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு நடுக்கம் வந்திருந்தது. காய்ச்சல்காரனின் பல் அடித்துக்கொள்கிற மாதிரி நடுக்கம். சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் முழங்கை வரைக்கும் கூசியது. பக்கத்தில் இருந்த டீசல் வாளியில் வட்டம் வட்டமாகக் கோடு எழும்பி ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரும்பைக் கட்டிப்போட்டாயிற்று, அது திமிறத்தான் செய்யும் என்று நினைத்திருந்தார்.

மத்தியானம் டீசல் ஊற்ற ஒருமுறை நிறுத்தினார். தூக்குவாளிச் சோற்றை அங்கேயே, போல்ட்டைப் பார்த்தபடியே தின்றார். மறுபடி ஓட்டினார். அந்தக் கரையில் வீரையன் ஒருமுறை வந்து சரிந்த வரப்புக்கு மண் அணைத்தான். இந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. வேலை முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நாலு மணி இருக்கும். டங் என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை வாளியில் பட்டுத் தெறித்து அவர் காலடியில் வந்து விழுந்தது.

எஞ்சினை நிறுத்தினார். குனிந்து எடுத்தார், சுட்டது. அடித்துண்டைச் சட்டத்துக்கு அடியிலிருந்து உருவினார். பார்த்தார். பாதிக்கு மேல் வழவழவென்று மினுங்கியது. மீதி சொரசொரப்பு. அச்சு அசல் அந்த நாலையும் போலவே.

"எவன்டா அது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீரும் கொக்கும்தான். கடைக்காரன் அறுத்துக் கொடுத்திருப்பானோ என்று ஒரு நிமிஷம் யோசித்தார். டப்பாவிலிருந்து பொறுக்கியவர் அவரேதான். வெயிலில் பார்த்தவரும் அவர்தான். காலையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். மிச்சம் இருந்த ஒரே ஆள் தான்தான் என்று கணக்கு வந்து நின்றது. தன்னைச் சந்தேகப்பட்டு அவருக்குப் பழக்கம் இல்லை.

முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. எஞ்சினை நினைத்து இல்லை. நாளைக்குக் காலையில் வீரையன் மெழுகுவத்தியை அணைக்கப் போகிறான். அணைத்த பிறகு இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த நேரம் பார்த்து வரப்பில் ஜாஃபர் சாதிக் வந்தார். சட்டத்துக்கு வெல்டிங் வைத்தவர் அவர்தான். கையில் கருவிப்பை.

"ஒன்ன யாரு வரச் சொன்னா பாய்?"

"அக்காதான் போன் பண்ணுச்சு. காலையிலேர்ந்து நாலு தடவ. வரலன்னா இனிமே ஒங்கூடப் பேசமாட்டேன்னுச்சு. ஒங்க வூட்டுல எல்லாருக்கும் அதே பேச்சுதான் போலருக்கு. எங்கண்ணே போல்ட்டு?"

குழந்தைராஜ் இரண்டு துண்டையும் நீட்டினார். "இப்பதான் முறிஞ்சுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், முறியுது. பாதி அறுத்திருக்கு, பாரு."

ஜாஃபர் சாதிக் துண்டுகளைத் துடைத்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பொருத்திக் காட்டினார். இரண்டும் கவ்வி உட்கார்ந்தன. நடுவில் மயிரிழை இடைவெளி இல்லை.

"பிளேடு போட்டு அறுத்தா பிளேடு கனத்துக்கு இரும்பு தூளாப் போயிருக்கும்ல? ரெண்டும் சேராதுல்ல? இது எங்கண்ணே குறையுது?"

குழந்தைராஜ் மஞ்சள் பையிலிருந்த பழைய துண்டுகளைக் கீழே கொட்டி, தானே ஜோடி பார்த்துப் பொருத்த ஆரம்பித்தார். ஒன்று சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. மூன்றாவதை மூன்று தடவை பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். நாலாவதும் கவ்வி உட்கார்ந்தது.

"அப்ப மினுக்கு?"

"கண்ணுக்கிட்ட வச்சுப் பாருங்க. கோடு தெரியுதா? வளைவு வளைவா?"

தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விட்டுப்போகிற கோடு மாதிரி, மினுங்குகிற இடத்தில் மெல்லிய வளைவுகள்.

"அறுத்தா கோடு நேரா இருக்கும். இது ஓரத்துல ஒரு மயிர் அளவுக்கு விரிசல் விட்டு, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போயிருக்கு. எஞ்சினு சுத்துற ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு இழுப்பு. நாளு பூரா எத்தன லட்சம் இழுப்பு? விட்ட வாய் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி வழவழன்னு ஆயிரும். கடைசியில தாங்குற அளவுக்கு இரும்பு மிச்சம் இல்லாதப்ப மடார்னு போயிடும். அந்த எடந்தான் சொரசொரப்பு. எஞ்சின நிறுத்தி ஓட்டுனா அங்க ஒரு கோடு விழும். இன்னைக்கு எத்தன தடவ நிறுத்துனீங்க?"

"ஒரு தடவ. டீசல் ஊத்த."

"எண்ணிப் பாருங்க, பெருசா ஒரே ஒரு கோடு. பழசுல பாருங்க, ரெண்டு மூணு இருக்கும்."

எண்ணினார். இருந்தது. எதையும் நம்பாத மனுஷனுக்கு, தானே எண்ணிப் பார்த்ததை நம்பாமல் இருக்க வழி இல்லை.

"ஆனா ஏன் இந்த ஒண்ணு மட்டும்? மத்த மூணும் கல்லாட்டம் இருக்கே."

ஜாஃபர் சாதிக் அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த பஸ் டிக்கெட்டை உருவினார். இரண்டாக மடித்து, எஞ்சினின் நாலாவது காலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நுழைத்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது.

"கால் உக்காரவே இல்லண்ணே. அந்தரத்துல தொங்குது. நீங்க குழா போட்டு முறுக்கி, இல்லாத எடத்துக்கு அத இழுத்துப் புடிச்சு வச்சிருக்கீங்க. எஞ்சினோட மொத்த ஆட்டமும் இந்த ஒரு போல்ட்டு கழுத்துலதான். முறுக்க முறுக்க இன்னும் சீக்கிரம் போவும். இரும்பும் அலுத்துப் போவும்ணே." கொஞ்சம் நிறுத்தி, சிரிக்காமல் சொன்னார்: "ரசமட்டம் வச்சு நாலு காலும் சரியா உக்காருதான்னு பாத்துட்டு வெல்டிங் வைக்கிறேன்னு அன்னைக்கே சொன்னேன். 'அரை நாள் வேலைய ஒரு நாளாக்கப் பாக்குறியா'ன்னீங்க."

சொல்லியிருந்தார். குழந்தைராஜுக்கு அந்த வார்த்தை, சொன்ன தோரணை, எல்லாம் நினைவுக்கு வந்தது.

"அப்ப யாரும் அறுக்கல?"

"யாரும் அறுக்கல."

"வீரையன்?"

"அவருக்கு வேற வேல இல்லையா? ஒங்க எஞ்சினு ஆடி ஆடி அறுத்துச்சு. பலகைய எடுத்தவரும் நீங்கதான்."

குழந்தைராஜ் அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். வைதிருக்க வேண்டிய பேச்சு. வையவில்லை. இரண்டு நாளாக ஏதோ ஒன்று மார்பில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. அது இறங்கிப் போனதும்தான் அது அங்கே இருந்ததே அவருக்குத் தெரிந்தது. நன்றாக மூச்சு விட்டார். முதலில் தும்மல் மாதிரி ஒன்று வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. ஜாஃபர் சாதிக் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அறுக்கல பாய் அவன்" என்றார் குழந்தைராஜ்.

"அதத்தானே நானும் சொல்றேன்."

பொழுது சாய்வதற்குள் வீரையன் வீட்டு வாசலில் போய் நின்றார். வீரையன் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"மெழுகுவத்தி வாங்கிட்டியா?"

"வாங்கல."

"ஏன், கடையில இல்லயா? ரெண்டு நான் வச்சிருக்கேன், தரவா?"

"நீ அறுக்கல" என்றார் குழந்தைராஜ்.

வீரையன் வைக்கோலைக் கீழே போட்டான். "அது எனக்குத் தெரியும்டா. அத எங்கிட்ட வந்து சொல்ற?"

நடந்ததைச் சொன்னார். கால் தொங்கியது, பஸ் டிக்கெட் நுழைந்தது, கோடு விழுந்தது, எல்லாம். சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். மன்னிப்பு என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து, பழக்கம் இல்லாத இடமென்று திரும்பிப் போய்விட்டது. வீரையன் கடைசி வரைக்கும் கேட்டான்.

"இங்க சொன்னது போதாது. பத்துப் பேரு முன்னாடி என்ன அறுத்தவன்னு சொன்ன. நாளைக்குக் காலையில அந்தப் பத்துப் பேரு முன்னாடியும் சொல்லு. அதே கடையில."

"சொல்றேன்."

"சொன்னாதான் ஆச்சு. சொல்லலன்னா நான் பத்து மணிக்குக் கெபிக்குப் போயிடுவேன். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

ஆனால் அதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மியது. நஷ்டம் இல்லாதவன் குரல் அப்படிக் கம்மாது என்பது குழந்தைராஜுக்கே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை டீக்கடையில் கால் வைக்க இடம் இல்லை. சத்தியம் பார்க்க அக்கம்பக்கத்து ஊரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. குழந்தைராஜ் டீக் கிளாசோடு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமினார்.

"வீரையன் போல்ட்ட அறுக்கல. எஞ்சினு ஆட்டத்துல முறிஞ்சுது. கால் சரியா உக்காரல. உக்கார விடாதது நான்."

"கேக்கல" என்றான் வீரையன், கடைசி பெஞ்சிலிருந்து. "சத்தமா."

"வீரையன் அறுக்கல!"

"யாரு மேல தப்பு?"

"எம் மேலடா! போதுமா? இல்ல மைக்கு செட்டு கட்டணுமா?"

கடை சிரித்தது. தங்கமணிகூடச் சிரித்தான். "அப்ப இன்னைக்குச் சத்தியம் கெடயாதா? நான் வயல் வேலய விட்டுட்டு வந்தேனே" என்று ஒருவன் மனசார வருத்தப்பட்டான். வீரையன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அந்தப் பத்துப் பேரும் பார்க்க, குழந்தைராஜ் கையிலிருந்த டீக் கிளாசை வாங்கி மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டு, "ஒன் டீயில சர்க்கர கம்மி" என்றான்.

ஜாஃபர் சாதிக் அதற்குள் வயலில் வெல்டிங்கை உடைத்து, சட்டத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார். எஞ்சினைப் பழையபடி பலகை மேல் வைக்க வேண்டும் என்றார். அடியில் பழைய டிராக்டர் டயரை வெட்டிப் போடணும், ஸ்பிரிங் வாஷர் போடணும், களவுக்குப் பயந்தால் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றார். குழந்தைராஜின் பனம்பலகை எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது. வீரையன் தன் தொழுவத்திலிருந்து இரண்டு நல்ல பலகையைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து போட்டான். ரசமட்டத்தில் நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் பாய் அவசரப்படவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

தண்ணீர் வீரையன் வரப்பில் மோதாதபடி குழாயின் வாயைத் தள்ளித் திருப்பி வைத்துவிட்டு, பதினோரு மணிக்கு எஞ்சினை ஓட்டினார்கள். குதித்தது, பழைய மாதிரி, மொத்தமாக. வாளியில் டீசல் ஆடியது, நடுங்கவில்லை. நாலு காலும் பலகையில் பதிந்து நின்றன. மத்தியானத்துக்குள் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கி, பயிரின் நுனிகள் அங்கங்கே பச்சைப் பச்சையாகத் தலை காட்டின.

குழந்தைராஜ் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, இரண்டு தட்டுச் சோறு தின்றார். குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்றார். பாயை விரித்துச் சாய்ந்தவரைச் சவரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எஞ்சின விட்டுட்டு இங்க வந்து படுத்தா, அங்க யாரு காவலு?"

"வீரையன் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனார்.